பத்தாம் நம்பர்: இடம் போச்சு, வேலை போகவில்லை

ஃபுட்பாலில் பத்தாம் நம்பர் ஆட்டம் செத்துப்போச்சு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை, பாதி உண்மைதான். எதிரணியின் ஹாஃபுக்கும் (நடுக்கள ஆட்டக்காரர்கள்) பேக்குக்கும் (தடுப்பாட்டக்காரர்கள்) நடுவில் கிடக்கிற காலி இடத்தில் ஒருவன் ஆற அமர நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் வாங்கிப் பிரித்துக் கொடுத்த காலம் போய்விட்டது. அந்த வேலை மட்டும் ஆள் மாறி, இடம் மாறி நடந்துகொண்டுதான் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் ஒரு கிளப்புக்கு நான் பல வருஷம் அந்த இடத்தில் ஆடினேன், இப்போது சாயங்காலங்களில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த இடம்தான் வேண்டும். அவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன விஷயங்களை எழுதிவைத்தால் வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருகிற இடத்தைத் தாண்டினால் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரைக்கும் ஒட்டி ஒட்டிக் கடற்கரை ஊர்கள். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது, எங்களுக்குச் சுவரில் எழுதியிருக்கும் கிளப் பெயரை வைத்தே தெரியும். உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு அர்ஜென்டினா கொடியும் பிரேசில் கொடியும் ஏறிவிடும், அந்த ஒரு மாதம் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசாத வீடுகளும் உண்டு. 1986இல் தூர்தர்ஷன் உலகக் கோப்பையை நேரடியாகக் காட்டியபோது நான் சின்னப் பிள்ளை, எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் என் சித்தப்பா காலமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் எல்லாம் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டு கோலைப் பேசுவார்கள். சித்தப்பா ஃபைனலைத்தான் பேசுவார். அன்றைக்கு மேற்கு ஜெர்மனி மத்தேயுஸை மரடோனா மேல் ஏவிவிட்டிருந்தது, மரடோனா கோலே அடிக்கவில்லை. இரண்டுக்குப் பூஜ்யம் என்று பின்னால் இருந்த ஜெர்மனி இரண்டுக்கு இரண்டு ஆக்கிவிட்டது, ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது, சுற்றி ஜெர்மன்காரர்கள் நிற்க, துள்ளி வந்த பந்தை மரடோனா ஒரே தட்டில் தன் அணியின் புருச்சாகாவின் ஓட்டத்துக்கு முன்னால் போட்டார். மூன்றுக்கு இரண்டு. அந்த உலகக் கோப்பையில் அவர் அடித்தது 5 கோல், அடிக்க வைத்ததும் 5. "அவ்வளவு பேரு அவனையே பாத்துட்டு நிக்காங்க, அவன் மட்டும் வேற ஆளைப் பாக்கான் மக்கா" என்பார் சித்தப்பா. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். அப்புறம் 1994இல் இத்தாலியின் பாஜ்ஜியோ, 1998இல் பிரான்ஸின் ஜிடேன் என்று ராத்திரி விழித்துக் கண் எரியப் பார்த்ததெல்லாம் அதன் மேல் ஊற்றிய எண்ணெய்.

நான் ஆடியதில் ஒன்றைச் சொல்கிறேன். ஆளுக்கு ஏழு பேர் ஆடுகிற ஒரு திருவிழாச் செவன்ஸ், செமிஃபைனல். எதிரணி ஸ்டாப்பர், அதாவது நடு பேக், கட்டையான ஆள், விசைப்படகில் வேலை செய்து இறுகிய தோள், மோதினால் விழப்போவது நான்தான். ஓட்டத்திலும் அவனை முந்த முடியாது. ஆனால் எங்கள் இடது விங் பையன் பந்து கேட்டுக் கத்தும் ஒவ்வொரு தடவையும் அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான், தலை திரும்பும்போது உடம்பு முழுக்க வலது காலில் சாய்ந்து, இடது குதிகால் மணலை விட்டு லேசாக எழும்பியது. அந்த நிலையில் இருக்கிறவன் மறுபக்கம் திரும்ப ஓர் அடி கூடுதலாக எடுத்து வைத்தாக வேண்டும். முதல் பாதி முழுக்க இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் பாதியில் பந்து வந்தது, நான் இடது விங்கைப் பார்த்தேன், பையன் கத்தினான், குதிகால் எழும்பியது, விங்கைப் பார்த்தபடியே வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தை ஸ்டாப்பரின் இடது காலுக்கு அந்தப் பக்கம் உருட்டிவிட்டேன். வேகமாகக்கூட இல்லை. எங்கள் ஃபார்வர்டு ஓடி வந்து தட்டிப்போட்டான். எல்லோரும் அவனைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அது முறைதான். ஆட்டம் முடிந்த பிறகு அந்த ஸ்டாப்பர் என்னிடம் வந்து, "லேய், நீ அங்கதானே பாத்த?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இடத்தில் ஆடுகிறோம். ஃபைனலில் தோற்றோம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்த பாஸுக்கு எனக்கு நேரம் கிடைத்ததன் காரணத்தையும் சொல்ல வேண்டும். எதிரணியின் கடைசி பேக்கைத் தாண்டி நின்று பாஸ் வாங்கக் கூடாது என்கிற ஆஃப்சைட் விதியை எங்கள் பக்கத்துச் செவன்ஸில் பார்ப்பதில்லை. ஃபார்வர்டு கோலி (கோல் கீப்பர்) பக்கத்திலேயே போய் நிற்பான், அவனைக் காக்க ஒரு பேக்காவது அங்கேயே கிடக்க வேண்டும். ஆட்டம் நீளவாக்கில் இழுபட்டு, நடுவில் தாராளமாக இடம் கிடக்கும். பந்தை வாங்கி, திரும்பி, நிமிர்ந்து பார்த்து, யோசித்துக் கொடுக்கலாம். அதே ஆளை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் பதினொரு பேர் ஆடுகிற லெவன்ஸ் ஆட விட்டால் திணறிப்போவான். அங்கே ஆஃப்சைட் உண்டு, பேக் லைன் மொத்தமாக மேலே ஏறி வந்து நிற்கும், ஹாஃப்கள் அதற்கு நாலு எட்டு முன்னால் நிற்பார்கள், நீ நிற்க நினைத்த இடம் ஒரு வள்ளத்தின் அகலம்கூட இருக்காது. வாங்கித் திரும்புவதற்குள் முதுகில் ஒருவன், முன்னால் ஒருவன்.

எங்களுக்கு நடந்த இதே கதை பெரிய ஃபுட்பாலில் முன்பே நடந்துவிட்டது. 1980களின் கடைசியில் அரிகோ சாக்கி என்ற கோச் இத்தாலியின் ஏசி மிலான் கிளப்பை அப்படித்தான் ஆடவைத்தார். முன்னால் நிற்கிற ஃபார்வர்டுக்கும் கடைசி பேக்குக்கும் நடுவில் 25 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பந்து போன இடத்தில் எல்லோரும் சேர்ந்து அழுத்த வேண்டும், லைனை ஏற்றி எதிரியை ஆஃப்சைடில் தள்ள வேண்டும். 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கினார்கள். அதைப் பார்த்த இத்தாலிய கோச்சுகள் பலர் நாலு பேக், நாலு மிட்ஃபீல்டு, இரண்டு ஃபார்வர்டு என்று கோடு போட்டு நிறுத்த ஆரம்பித்தார்கள், அந்தக் கோடுகளில் பத்தாம் நம்பருக்கு நிற்க ஒரு புள்ளி இல்லை. பார்மா கிளப்பில் கோச் அன்செலோட்டி, பத்தாக ஆடிய ஜோலாவை விங்கில் தள்ளினார், ஜோலா 1996இல் செல்சீக்குப் போனார். மறு வருஷம் பாஜ்ஜியோ பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தும், ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் ஆட இடம் தர முடியாது என்று அன்செலோட்டி வேண்டாமென்றுவிட்டார். பாஜ்ஜியோ போலோன்யாவுக்குப் போய் அந்த சீசன் லீகில் 22 கோல் அடித்தார். தான் அன்றைக்கு அப்படிப் பிடிவாதமாக இருந்திருக்கக் கூடாது என்று அன்செலோட்டியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அன்செலோட்டி பாடம் படித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இத்தாலியின் பிர்லோ பிறவிப் பத்து. 2001இல் பிரெஷ்யா கிளப்புக்குக் கடனாகப் போனபோது அங்கே பத்தாம் இடத்தில் பாஜ்ஜியோ இருந்தார். அவரை நகர்த்த முடியுமா? மட்ஸோனே என்ற கோச் பிர்லோவைப் பின்னால் இறக்கி, பேக் லைனுக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே பார்த்தால், முதுகில் ஆள் இல்லை, மைதானம் முழுக்கக் கண்முன்னால் விரிந்து கிடக்கிறது. மிலானில் அன்செலோட்டியும் அவரை அதே இடத்தில் வைத்துக்கொண்டார். 2006 உலகக் கோப்பை செமிஃபைனல், ஜெர்மனிக்கு எதிராக 119வது நிமிஷம், பிர்லோ பெட்டிக்கு வெளியே பந்தோடு நகர்ந்து நகர்ந்து, எல்லோரும் ஷாட் அடிப்பார் என்று நினைக்கும்போது பார்க்காத பக்கத்தில் கிராஸ்ஸோவுக்குத் தள்ளினார், கோல். அந்த பாஸ் பத்தாம் நம்பர் பாஸ். போட்டவர் ஆடியது வேறு இடத்தில், சட்டையில் இருந்தது 21.

அதே உலகக் கோப்பையில்தான் பழைய முறைப் பத்தின் கடைசிப் பெரிய ஆட்டத்தையும் பார்த்தோம். ஜூன் 30, அர்ஜென்டினாவுக்கும் ஜெர்மனிக்கும் குவார்ட்டர் ஃபைனல், நம்ம நேரத்துக்கு ராத்திரி எட்டரை, கிளப்பில் டிவி முன்னால் நிற்க இடமில்லை. ரிக்கெல்மே கார்னர் போட அயாலா தலையால் முட்டி ஒன்று பூஜ்யம். 72வது நிமிஷம் கோச் பெக்கெர்மான் ரிக்கெல்மேயை வெளியே எடுத்துவிட்டு கம்பியாசோவை இறக்கினார், முன்னிலையைக் காப்பாற்ற. எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். எட்டு நிமிஷத்தில் க்ளோஸே சமன் செய்தார், பெனால்டியில் அர்ஜென்டினா வெளியே. ரிக்கெல்மே இருந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை உறங்க வைக்கத் தெரிந்த ஒரே ஆளை, ஆட்டத்தை உறங்க வைக்க வேண்டிய நேரத்தில் எடுத்ததில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. அதற்கப்புறம் முன்னிலையில் இருந்தால் முதலில் வெளியே வருகிறவன் பத்துதான் என்பது எங்கள் ஊர்க் கோச்சுகள் வரைக்கும் வழக்கமாகிவிட்டது.

சரி, வேலை எங்கே போனது? 2009 மே 2, ரியல் மாட்ரிட் மைதானத்தில் பார்சிலோனா கோச் குவார்டியோலா எட்டோவை வலது பக்கம் நகர்த்திவிட்டு மெஸ்ஸியை நடுவில் ஃபார்வர்டு இடத்தில் வைத்தார். மெஸ்ஸி அங்கே நிற்கவே இல்லை, கீழே இறங்கி இறங்கி வந்தார். ஸ்டாப்பர்கள் கன்னவாரோவும் மெட்ஸெல்டரும் கூடவே போனால் பின்னால் ஓட்டை, போகாவிட்டால் மெஸ்ஸி தனியாக. ஆறுக்கு இரண்டு என்று பார்சிலோனா ஜெயித்தது. பத்து தன் இடத்துக்குப் பின்வாசல் வழியாக வந்தது இப்படி. பிறகு அதே குவார்டியோலா மான்செஸ்டர் சிட்டியில் டேவிட் சில்வா, டி பிரைனே என்று இரண்டு பத்துகளையும் ஹாஃபாகவே ஆடவைத்து, விங்குக்கும் நடுவுக்கும் இடையில் இருக்கும் பட்டையில் நிறுத்தி, 2017-18 இங்கிலாந்து லீகில் 100 புள்ளி எடுத்தார். ஜெர்மன் கோச் க்ளாப் இன்னும் ஒரு படி மேலே போய், பந்தைப் பறிகொடுத்த இடத்திலேயே உடனே திருப்பிப் பறித்தால் எந்த பிளேமேக்கராலும், அதாவது ஆட்டத்தை உருவாக்குகிற பத்தாலும், தர முடியாத வாய்ப்பு கிடைக்கும் என்றார். ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதில் நியாயம் உண்டு. எதிரி கலைந்து நிற்கும் அந்த மூன்று நொடிதான், பத்து காலங்காலமாகத் தேடிக்கொண்டிருந்த இடம்.

நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2017-18இல் சென்னை சிட்டிக்காக ஐ-லீகில் ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடது காலில் பந்து இருந்தால் அவர் என்ன செய்வார் என்று பேக்குகளுக்குப் புரியாது. ஜாம்ஷெட்பூர் கிளப்புக்குப் போய், அங்கிருந்து கொல்கத்தாவின் ஏடிகே கிளப்புக்குப் போனார். 2019-20இல் ஏடிகே ஐஎஸ்எல் கோப்பை வாங்கியபோது அவர் ஆடியது பெரும்பாலும் இடது விங் பேக். தாக்கி ஆடுகிற ஆளை, கோடு முழுக்க ஏறி இறங்கி ஓடுகிற இடத்தில் வைத்தார்கள், அவரும் ஆடினார். சென்னை சிட்டி 2018-19இல் ஐ-லீக் வென்றபோது மான்ஸி அடித்த 21 கோல்தான் எல்லோருக்கும் ஞாபகம், ஆனால் நான் கண்ணெடுக்காமல் பார்த்தது நெஸ்டர் கோர்டில்லோவை. பந்து வருவதற்கு முன்னாலேயே எங்கே கொடுக்கப்போகிறோம் என்று முடிவெடுத்துவிட்ட ஆள் எப்படி இருப்பான் என்று பார்க்க அவர்தான்.

இனி பிள்ளைகளுக்குச் சொல்கிறவை. முதலாவது, பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் பார்ப்பது. கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆராய்ச்சியாளர் பிரீமியர் லீக் மிட்ஃபீல்டர்களின் வீடியோக்களை வைத்து ஆராய்ந்து, பந்து வாங்கும் முன் அதிகமாகத் திரும்பிப் பார்க்கிறவர்களின் பாஸ்கள்தான் அதிகம் போய்ச் சேருகின்றன என்று காட்டினார். எங்கள் வழி சுலபம். ஒரு பிள்ளை பந்து போட, ஒரு பிள்ளை வாங்க வேண்டும், நான் வாங்குகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பந்து காலைத் தொடுவதற்கு முன்னால் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. முதலில் எல்லோரும் ஒரே ஒரு தடவை சீக்கிரமே பார்த்துவிட்டுப் பந்தையே வெறித்துக்கொண்டிருப்பார்கள், நான் நடுவில் விரலை மாற்றிவிடுவேன். ஏமாந்து ஏமாந்துதான் இரண்டு தடவை பார்க்கப் பழகுவார்கள். பந்து புறப்படும் முன் ஒன்று, பாதி வழியில் ஒன்று. இதில் இப்போது என்னிடம் வருகிறவர்களில் கெட்டிக்காரி எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை. "மாமா, நீங்க மூணு காட்டிட்டு ரெண்டா மாத்துனீங்க" என்று பந்தை நிறுத்துவதற்குள் சொல்லிவிடுவாள். பையன்களுக்கு அவள் மேல் பொறாமை, எனக்கு அது வசதி.

இரண்டாவது, வாங்குகிற விதம். பந்தை நேருக்கு நேர் நின்று, பக்கத்துக் காலால் வாங்கினால் வந்த வழியே திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பந்தைக் குறுக்கே விட்டு, தூரத்துக் காலால் வாங்கு, பாதி திரும்பிவிட்டாய். சொல்ல எளிது. மணலில் இன்னும் சிரமம், ஏனென்றால் பந்து உருளாது, செத்து நிற்கும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஓரளவு உருளும், காய்ந்த மணலில் கொஞ்சம் தூக்கித்தான் கொடுக்க வேண்டும். கடலரிப்பில் எங்கள் மணல் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டு வருகிறது, தடுப்புக் கல்லுக்கும் அலைக்கும் நடுவில் மிஞ்சுகிற துண்டில்தான் ஆடுகிறோம், பந்து கல்லிடுக்கில் போனால் எடுக்கப் போகிறவன் பாடு கஷ்டம். மணலிலேயே பழகிய பிள்ளை கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் செம்மண் மைதானத்துக்குப் போனால் முதல் பத்து நிமிஷம் எல்லா பாஸும் நீளமாகப் போகும், எல்லா டச்சும் ஒரு கெஜம் தள்ளி விழும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் வார்ம்-அப்பில் ஷாட் அடித்துக் கைதட்டு வாங்குவதை விட்டுவிட்டு, பத்தடி, இருபதடி பாஸ் போட்டுத் தரையை அளந்துகொள்ளச் சொல்வேன். சாயங்காலக் கடல்காற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும், காற்றோடு போகிற தூக்குப் பந்து நேரே கோலி கைக்குப் போய்விடும்.

எங்கே நிற்பது என்பது மூன்றாவது, அதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. எதிரணி ஹாஃபின் முதுகுக்குப் பின்னால் நில், அவன் பந்தையும் உன்னையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத இடத்தில். பார்க்கத் தலையைத் திருப்புகிறானா, அப்போது நகரு. பந்து கேட்டுக்கொண்டே பந்தைப் பார்த்து ஓடாதே. அப்படி ஓடினால் உன்னைக் காக்கிறவனையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறாய். முதலில் பந்தை விட்டு விலகிப் போ, அவன் இரண்டு அடி கூட வரட்டும், அப்புறம் நின்று திரும்பு. சின்ன ஆட்டங்களில் நான் ஒரு விதி வைப்பதுண்டு, நடுப் பட்டையில் பந்து வாங்குகிறவருக்கு இரண்டு டச்தான், ஓரத்தில் எத்தனை வேண்டுமானாலும். நெருக்கத்தில் வேகமாக முடிவெடுக்க இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெளியூர்க் கோச் ஒரு சீசன் முழுக்க என்னை விங்கில் போட்டார். பிடிக்கவே இல்லை. ஆனால் கோட்டோரம் நின்றால் முதுகுப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது, பாதி உலகத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று அங்கே போன பிறகுதான் விளங்கியது. அதனால் நெருக்கத்தில் பயப்படுகிற பிள்ளையை இப்போது நான் முதலில் விங்கில்தான் ஆடவைக்கிறேன், கண் பழகின பிறகு நடுவுக்குக் கொண்டுவருவேன். பத்தாக மட்டும்தான் ஆடுவேன் என்று அடம் பிடிக்கிறவனிடம் பிர்லோ கதையைச் சொல்வேன். இரண்டாவதாக ஓர் இடம் கற்றுக்கொள்ளாமல் இன்றைக்கு எந்த டீமிலும் பத்துக்குச் சோறு கிடையாது.

பந்து இல்லாத நேரத்து வேலையும் அப்படித்தான். எதிரணி பேக்குகள் பந்தை வைத்திருக்கும்போது பத்தின் வேலை, பேக் லைனுக்கு முன்னால் நிற்கிற அவர்களுடைய ஆழ ஹாஃபுக்கு பாஸ் போகாமல் மறைத்து நிற்பது. ஓடிப்போய்ப் பறிக்கக்கூட வேண்டாம், நடுவில் நின்று அந்த வழியை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. இதைச் சொன்னால் உடனே ஒருவன், "மெஸ்ஸி நடந்துக்கிட்டுத்தானே மாமா இருக்காரு" என்பான். கத்தாரில் 2022இல் மெஸ்ஸி நடந்தார்தான், 7 கோல் அடித்தார், 3 அடிக்க வைத்தார், நெதர்லாந்துக்கு எதிராக மொலினாவுக்குப் போட்ட பாஸில் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவருக்காக டி பாலும் என்ஸோவும் மக் அலிஸ்டரும் ஓடினார்கள். "நமக்கு டி பால் வாய்க்கல மக்கா, நாமளேதான் ஓடணும்" என்று சொல்லி அனுப்புவேன்.

எங்கள் ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பையன் பதினெட்டு, இருபது வயதில் ஆழ்கடல் தங்கலுக்குப் போய்விடுவான். கொச்சியிலிருந்தோ தேங்காப்பட்டணத்திலிருந்தோ விசைப்படகு ஏறினால் வாரக்கணக்கில் கடல்தான். திரும்பி வரும்போது தோளும் கையும் இரும்பாக இருக்கும், கால் ஓட்டத்தை மறந்திருக்கும். மாதம் முழுக்க ஆடுகிற படகில் நின்றவன் கரை இறங்கிய மறுநாளே முழு ஆட்டம் ஆடினால் தொடைச் சதை பிடித்துக்கொள்ளும், இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முதல் சில நாள் மணலில் மெதுவோட்டம், அப்புறம் சின்ன ஆட்டம், அப்புறம்தான் மேட்ச். ஆனால் அவர்களுக்குக் கண் மங்குவதில்லை, பார்வையும் பாஸும் அப்படியே இருக்கும், அதனால் வந்த புதிதில் அவர்களை ஆழ ஹாஃபில் நிறுத்திக்கொள்வேன். கோச்சாக நான் கற்றது, ஒரு பத்தை மட்டும் நம்பி டீம் கட்டக் கூடாது, அவன் எந்த நிமிஷமும் லட்சத்தீவுப் பக்கம் இருப்பான். எப்போதும் இரண்டு பேரைத் தயார் செய்வேன், இரண்டு பேரும் கரையில் இருந்தால் இரண்டு பேரையும் ஆடவிட்டு ஒரு ஃபார்வர்டைக் குறைத்துக்கொள்வேன். யாரைக் குறைப்பது என்று சண்டை வரும், வரட்டும்.

கடைசியாக செலக்‌ஷன். வீட்டில் அம்மாமார் கேட்கிற ஒரே கேள்வி இதில் வேலை கிடைக்குமா என்பதுதான். சென்னை லீகில் ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் வங்கி, வருமான வரித்துறை என்று டீம்கள் இருக்கின்றன, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பார்கள், அதனால் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலக்‌ஷனில் அதிகம் அடிபடுகிறவன் பத்துதான். இருபது நிமிஷம் ஆடவிடுவார்கள், கூட ஆடுகிறவர்கள் யாரென்றே தெரியாது, ஆளுக்கு ஆள் தன் திறமையைக் காட்டப் பார்ப்பான், எவனும் உனக்குப் பந்து தர மாட்டான். நல்ல பத்துகள் பலர் ஐந்து தடவைகூடப் பந்தைத் தொடாமல் வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற தந்திரங்கள் அழகானவை அல்ல, உபயோகமானவை. ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு ஸ்டாப்பர்களிடமும் போய்ப் பெயர் கேட்டுக்கொள், ஆட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பந்து வரும். முதல் ஐந்து நிமிஷம் மேலே காத்துக்கொண்டு நிற்காதே, அவர்கள் காலடிக்கே இறங்கிப் போய் வாங்கு. முதல் இரண்டு பாஸ் சாதாரணமாக, தப்பாமல், பக்கத்தில் இருக்கிறவனுக்கே கொடு, கொடுத்தால் திரும்பி வரும் என்று அவனுக்குத் தெரியட்டும். நீ பறிகொடுத்த பந்தை நீயே துரத்து, பார்க்கிறவர்கள் அதைக் குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் கார்னரோ ஃப்ரீ கிக்கோ கிடைத்தால் யாரையும் கேட்காமல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடு. நின்ற பந்தை அடிக்கும்போது உன்னை யாரும் இடிக்க முடியாது, எல்லோரும் உன்னையே பார்ப்பார்கள். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் முன் ஆளுக்குச் சில கார்னர் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், கிட்டத்துப் போஸ்டுக்குப் பாதி, தூரத்துப் போஸ்டுக்குப் பாதி, இரண்டு காலாலும்.